மேக்கில் தொண்டியைக் காணோம், விண்டோஸ் 7-ஐக் கைவிடலாமா: படகுப் பதிவு லைப்ரரியின் அடுத்த வெளியீடு

#1 மண்டபம்முனை (பராமரிப்பு)

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் இந்த நாட்களில்தான் படகுப் பெட்டிகளைக் கழற்றி எடுத்துப் புது வெளியீட்டைப் போட முடியும். அதற்குள் சில முடிவுகள் எடுக்கணும்.

புதிதாக வந்தவர்களுக்காக: லைப்ரரி (மற்றச் செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) முழுக்க சி மொழி. படகின் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் (ஆழமானி) அனுப்பும் என்எம்இஏ 0183 (கடல் கருவிகளின் பொது வடிவம்) வரிகளைப் படித்து, இடம், நேரம், ஆழம் மூன்றையும் இறங்குதுறை வாரியாகக் கோப்பில் சேர்க்கும். கோப்புப் பெயர் ஊர்ப் பெயர்தான், தமிழில். படகுப் பெட்டியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, சங்கத்துக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7-உம் 10-உம், நம்மில் பலரிடம் உபுண்டு, ஆய்வு மாணவர்களிடம் மேக், ஒருவர் வீட்டு சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம். இத்தனையிலும் ஒரே மூலநிரல் ஓடணும்.

இப்போது மேசையில் இருப்பவை: ஒன்று, மேக்கில் சில ஊர்க் கோப்புகள் மட்டும் 'இல்லை' என்று வருகிறது. இன்னொன்று, விண்டோஸ் 7 ஆதரவை எடுத்துவிடலாம் என்ற கோரிக்கை. அதோடு, நிரலில் எங்கே திரும்பினாலும் இஃப்டெஃப், அதாவது 'இந்த இயங்குதளமானால் இந்த வரி' என்ற நிபந்தனை. ஒரு ஃபங்ஷனைப் படிக்க நான்கு இயங்குதளத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது?

#2 ஓலைக்குடா_மாணவி

மேக் புகார் என்னோடதுதான் அக்கா. மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் எல்லாம் திறக்குது. தொண்டி, தனுஷ்கோடி, மோர்ப்பண்ணை மூணும் 'கோப்பு இல்லை'. ஃபைண்டர்ல பார்த்தா இருக்கு, டெர்மினல்ல பட்டியல் போட்டாலும் இருக்கு.

இன்னொரு விஷயம். மேக்கோட சொந்த டிஸ்க்ல வச்சா மூணும் ஒழுங்கா திறக்குது. லேப்ல இருக்கிற பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல வச்சாதான் தகராறு. டிஸ்க் கெட்டுப்போச்சோன்னு செக் பண்ணிப் பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு.

#3 கீழக்கரை_துபாய்

அந்த ஹார்டு டிஸ்க் எச்எஃப்எஸ் பிளஸ்ங்கிற பழைய மேக் ஃபார்மட்டா இருக்கும், பாருங்க.

நீங்க சொன்ன மூணு ஊர்லயும் ஒகரமோ ஓகாரமோ இருக்கு. தொ, கோ, மோ. மத்த ஊர்கள்ல அது இல்ல. யூனிகோட்ல 'ொ' என்கிற குறியை ரெண்டு விதமா எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு + கால் என்று ரெண்டு குறியீடாகவும் எழுதலாம். ரெண்டும் சமம்னு யூனிகோட் தரமே சொல்லுது. திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா யூனிகோடை பைட்டா எழுதுற யூடிஎஃப்-8 முறையில முதல் வகை மூணு பைட்டு, ரெண்டாவது ஆறு பைட்டு. 'தொண்டி' சேர்ந்த வடிவத்துல 18 பைட்டு, பிரிந்த வடிவத்துல 21.

எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயரை வாங்கினதும் பிரிச்சுத்தான் சேமிக்கும். நம்ம லைப்ரரி டைரக்டரியை வாசிச்சு, வர்ற ஒவ்வொரு பெயரையும் மூலநிரல்ல இருக்கிற ஊர்ப் பட்டியலோட பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுது. பட்டியல்ல 18, டிஸ்க்ல இருந்து வர்றது 21. பொருந்தாது. புது மேக்ல இருக்கிற ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வச்சுக்கும். தேடும்போது மட்டும் ரெண்டு வடிவத்தையும் ஒன்னா எடுத்துக்கும். அதனாலதான் உள் டிஸ்க்ல தப்பிச்சீங்க.

#4 ஓலைக்குடா_மாணவி

ஆமா, எச்எஃப்எஸ் பிளஸ்தான். இப்பதான் பார்த்தேன்.

அப்ப இதுவும் அதேதானா? அந்த டிஸ்க்ல இருந்து ஃபோல்டரை அப்படியே உபுண்டு மெஷினுக்குக் காப்பி பண்ணினேன். அங்க லைப்ரரி புதுசா ஒரு தொண்டி உருவாக்கி அதுல எழுத ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஒரே ஃபோல்டர்ல ரெண்டு தொண்டி. பேர் அச்சு அசலா ஒன்னுதான். ஒன்னுல மார்ச் வரைக்கும் டேட்டா, இன்னொன்னுல அதுக்கப்புறம்.

#5 கீழக்கரை_துபாய்

அதேதான். லினக்ஸுக்குக் கோப்புப் பெயர்னா வெறும் பைட்டு வரிசை. சாய்கோடும் சுழியன் பைட்டும் தவிர எதையும் ஏத்துக்கும், எதையும் மாத்தாது, எதையும் சமம்னு நினைக்காது. விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ஸும் இப்படி ரெண்டையும் தனித்தனிப் பெயராத்தான் பார்க்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும்தான் கண்டுக்காது. நமக்கு அந்த வித்தியாசமே கிடையாது.

ரெண்டு கோப்பையும் சேர்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தர்றேன். அதுவரைக்கும் எதையும் அழிச்சிராதீங்க.

#6 டீமன்பிரியன்

ஃப்ரீபிஎஸ்டி சர்வர் வச்சிருக்கிறவன் நான்தான். கேட்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க: கோப்புப் பெயரை ஆங்கிலத்துல வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே? பல இயங்குதளத்துல ஓடணும்னா ஆஸ்கி (ஆங்கில) எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி இல்லாத பெயர். பழைய விதி, இன்னைக்கும் செல்லும்.

#7 பாம்பன்_கரை

அண்ணே, அந்த ஃபோல்டரைத் தொறந்து பாக்குறது யாருன்னு யோசிச்சீங்களா? எங்க அப்பாவும் சங்கத்து எழுத்தரும். அவங்களுக்குத் தேவை 'தொண்டி'ன்னு இருக்கிற கோப்பு, டிஎன்டின்னு இருக்கிறது இல்ல. கீழக்கரையை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுங்குறதுக்கே போர்டுக்கு ஒரு ஸ்பெல்லிங். அதை வச்சு எந்தக் கோப்பைத் தேடுறது?

#8 டீமன்பிரியன்

தம்பி, பார்க்கிறவருக்குத் தமிழ் வேணாம்னு சொல்லல. நிரல் கோப்பைக் கண்டுபிடிக்கிற சாவியாத் தமிழ்ப் பெயரை வைக்காதீங்கன்னுதான் சொல்றேன். பார்க்கிற பெயர் வேற, சாவி வேற.

#9 மண்டபம்முனை (பராமரிப்பு)

இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்துபோகும். ஒவ்வொரு இறங்குதுறைக்கும் ஒரு எண். அது கோப்பின் முதல் வரியில் இருக்கும். பெயர் தமிழிலேயே இருக்கட்டும், மனிதர்களுக்கு. லைப்ரரி கோப்பைத் திறந்து எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்.

ஆனால் புதுக் கோப்பை உருவாக்கும் முன் 'இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா' என்று பார்க்கணும். அந்த ஒப்பீட்டை இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் செய்யணும். அதற்கு ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரியைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. நம் லைப்ரரியை விட அது பல மடங்கு பெரியது, படகுப் பெட்டியில் அவ்வளவு சுமை வேண்டாம்.

#10 கீழக்கரை_துபாய்

தமிழுக்கு மட்டும்னா இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் வரக்கூடியவை நாலே நாலு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி 'ஔ'. ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். ஆனா நாளைக்கு எதிர்க்கரை மன்னார்ல இருந்து யாராவது சிங்களப் பெயர் வச்சா அதுலயும் இதே கதை இருக்கு. யூடிஎஃப்8பிராக்னு சின்னதா ஒரு சி லைப்ரரி உண்டு, எல்லா மொழிக்கும் யூனிகோட் சொல்றபடி செய்யும். என் ஓட்டு அதுக்கு.

இன்னொன்னும் சொல்லிடுறேன். எந்த நார்மலைசேஷனும் (ஒரே வடிவத்துக்கு மாத்துறது) தீர்க்காத ஒரு வம்பு நம்ம மொழியில இருக்கு. ஔகாரக் குறிக்குப் பதிலா ஒற்றைக்கொம்பு போட்டு பக்கத்துல 'ள' எழுத்தைத் தட்டுறவங்க நிறையப் பேர். கண்ணுக்கு ஒன்னு போலவே இருக்கும், யூனிகோட் கணக்குல ரெண்டும் வேற வேற சொல். அதை நிரல் திருத்தப் போகக் கூடாது. எண் சாவி இருந்தா அதுவும் ஒரு பிரச்சினையா இருக்காது.

#11 பாரிஸ்_பரமக்குடி

வேறு ஒரு பிழை. இதையும் இந்த வெளியீட்டிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இது கோப்பைத் தொலைக்காது, படகைத் தொலைக்கும்.

உங்கள் லைப்ரரியை வைத்து க்யூடியில் (ஜன்னல், பொத்தான் வரையும் நிரல் தொகுப்பு) ஒரு வரைபடச் செயலி எழுதினேன். ஊரில் தம்பியின் மடிக்கணினியில் பாம்பன் சரியான இடத்தில் வருகிறது. அதே பதிவுக் கோப்பு, அதே உபுண்டு, இங்கே பாரிஸில் எல்லாப் புள்ளியும் தெற்கே தள்ளி விழுகிறது. எல்லாம் ஒரே அளவில் தள்ளியிருந்தால் உடனே பிடித்திருப்பேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில்.

காரணம் தசமப் புள்ளி. பிரெஞ்சு லோக்கேலில் (நாட்டுக்கேற்ற எண், தேதி அமைப்பில்) தசமக் குறி காற்புள்ளி. என்எம்இஏ வரியில் அட்சரேகை 0916.8450 என்று வரும், அதாவது 9 பாகை 16.845 நிமிடம். உங்கள் நிரல் அதை எழுத்தை எண்ணாக்கும் ஸ்டர்டுடி ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. அது லோக்கேலைப் பார்த்துவிட்டு, புள்ளியைக் கண்டதும் எண் முடிந்தது என்று நின்றுவிடுகிறது. 0.845 நிமிடம் காணாமல் போகிறது. ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஆக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பிசகு.

#12 பாம்பன்_கரை

ஒன்றரைக் கிலோமீட்டரா!! பாக் நீரிணையில எல்லைக்கோட்டுக்கிட்ட அதுக்கு என்ன அர்த்தம்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

#13 மண்டபம்முனை (பராமரிப்பு)

இது முதலிடம். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சி நிரல் ஒன்று தொடங்கும்போது எந்த நாட்டில் இருந்தாலும் 'சி' லோக்கேலில்தான் தொடங்கும், அதில் தசமக் குறி புள்ளி. நம் சோதனைகள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. யுனிக்ஸ் வகைகளில் க்யூடி தன் வேலையைத் தொடங்கும்போது பயனரின் லோக்கேலை அமைத்துவிடும், அதே வகையான ஜிடிகேயும் அப்படியே. நாம் ஒரு லைப்ரரி. எந்த வீட்டுக்குள் குடியேறுகிறோம் என்பது நம் கையில் இல்லை.

லோக்கேலைக் கொஞ்ச நேரம் மாற்றிவிட்டுத் திரும்ப வைக்கலாம் என்று யாராவது சொல்லும் முன்: வேண்டாம். லோக்கேலை மாற்றும் செட்லோக்கேல் முழுச் செயலிக்கும் பொது, அதே செயலிக்குள் இணையாக ஓடும் வேறு த்ரெட் அதே நேரம் எண் அச்சிட்டுக்கொண்டிருந்தால் அது உடையும். லோக்கேலைத் தனியாகக் கொடுக்கும் வகை ஃபங்ஷன்கள் உண்டு, ஆனால் விண்டோஸில் ஒரு பெயர், யுனிக்ஸில் ஒரு பெயர், எந்த ஹெடரில் இருக்கிறது என்பதும் மாறும். என்எம்இஏ எண் என்பது சில இலக்கம், ஒரு புள்ளி, சில இலக்கம். நாமே கையால் படித்து, நிமிடத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். மிதவைப் புள்ளியே வேண்டாம். எழுதும் பக்கமும் அப்படியே: எண்ணை அச்சிடும் பிரிண்ட்எஃப் கொடுக்கும் காற்புள்ளி, காற்புள்ளியால் நெடுவரிசை பிரிக்கும் நம் சிஎஸ்வி கோப்பில் ஒரு நெடுவரிசையை இரண்டாக்கிவிடும்.

#14 பாரிஸ்_பரமக்குடி

அருமை. சோதனைகளை பிரெஞ்சு லோக்கேலில் ஒருமுறை ஓட்டச் சொல்லி ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு பாரிஸ் வர வேண்டியதில்லை.

#15 டீமன்பிரியன்

இந்த மாதிரி வேறு எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு நேத்து ராத்திரி நிரலைத் துழாவினேன். கண்ணில் பட்டது.

கோப்பில் இருந்து ஒவ்வொரு எழுத்தா வாசிக்கிற ஒரு லூப்ல, வாங்கின எழுத்தை 'கேர்' (ஒரு பைட்டு) மாறியில போட்டு, அது கோப்பு முடிவுக் குறிக்குச் சமமான்னு பார்க்குது. அந்தக் குறி எதிர்ம எண். இன்டெல் லினக்ஸ்ல கேர் எதிர்மத்தையும் வச்சுக்கும், அதனால லூப் நிற்கும். ராஸ்பெர்ரி பையில கேர் வெறும் நேர்ம எண். ஒருநாளும் சமமாகாது. லூப் சுத்திக்கிட்டே இருக்கும். பையில இந்த வழி இதுவரை ஓடாததுக்கு ஒரே காரணம், அங்க டேட்டா சீரியல் போர்ட் வழியா வருது, கோப்பு வழியா இல்ல. 'ஆர்ம்னா (பையோட சிப் வகை) எல்லாம் ஒன்னுதான்'னும் நினைக்க வேணாம்: ஆப்பிளோட எம் வரிசைச் சிப்பும் ஆர்ம்தான், அங்க கேர் இன்டெல்ல இருக்கிற மாதிரியே. மாறியை 'இன்ட்' (முழு எண்) ஆக்கினா தீர்ந்தது. ஜிசிசி, கிளாங் ரெண்டு கம்பைலர்லயும் கேரை நேர்மமா எடுத்துக்கச் சொல்ற ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டு உபுண்டுலயே சோதிக்கலாம், பை தேவையில்ல.

அடுத்தது 'லாங்'ங்கிற முழு எண் வகை. 64-பிட் லினக்ஸ், மேக்ல அது 64 பிட். 64-பிட் விண்டோஸ்ல இன்னமும் 32. கோப்புக்குள்ள எந்த இடத்துல இருக்கோம்னு லாங்ல வைக்கிறோம். 2 ஜிபி தாண்டினா விண்டோஸ்ல மட்டும் எண் கவிழும். ஒரு சீசன் டேட்டா அவ்வளவு வராதுதான், ஆனா சங்கத்துல எல்லாப் படகையும் ஒன்னாச் சேர்க்கிறாங்களே.

#16 பாம்பன்_கரை

இடையில ஒன்னு கேக்குறேன். எங்க வல்லத்துல இருக்கிற பழைய ஜிபிஎஸ் இடத்தைச் சரியாக் காட்டுது, தேதி மட்டும் பத்தொன்பது வருசத்துக்கு மேல பின்னாடி இருக்கு. இது விண்டோஸ் கோளாறா, லைப்ரரி கோளாறா?

#17 மண்டபம்முனை (பராமரிப்பு)

இரண்டும் இல்லை தம்பி, கருவி. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வாரக் கணக்கு 10 பிட். 1024 வாரம் ஆனதும் சுழியனுக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது. பழைய கருவிகள் சிலவற்றில் இந்தக் கணக்கு பிசகி, 1024 வாரம், அதாவது சுமார் 19 வருடம் 7 மாதம், பின்னோக்கிக் காட்டும். லைப்ரரியில் திருத்திக்கொள்ள வழி வைக்கலாம். ஆனால் இது இயங்குதளம் சார்ந்ததல்ல, தனி இழை தொடங்குங்கள், பதில் சொல்கிறேன்.

#18 கீழக்கரை_துபாய்

இஃப்டெஃப் பற்றி வருவோம்.

இப்ப நம்ம நிரல்ல 'விண்டோஸா இருந்தா இது, மேக்கா இருந்தா அது'ன்னு எல்லாம் வேலை நடக்கிற இடத்துலயே இருக்கு. ஆழத்தை அடியில இருந்து பாகத்துக்கு (ஆறடி ஒரு பாகம்) மாத்துற ஃபங்ஷனுக்கு நடுவுல விண்டோஸ் ஹெடர் எதுக்கு? வலையில கிழிஞ்ச இடத்துலயெல்லாம் கயிறு கட்டி வச்ச மாதிரி இருக்கு.

எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸ் லைப்ரரி எப்படிச் செய்யுதுன்னு பாருங்க. மேல இருக்கிற மொத்த டேட்டாபேஸும் இயங்குதளம் பற்றி ஒன்னும் தெரியாம எழுதப்பட்டது. கீழே விஎஃப்எஸ்னு ஒரு மெல்லிய அடுக்கு. யுனிக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு. தொலைவுல இருந்து உள்நுழையிற ஓபன்எஸ்எஸ்எச் இன்னொரு வழி: ஓபன்பிஎஸ்டி இயங்குதளக்காரங்க தங்களுக்குச் சுத்தமா எழுதிக்கிறாங்க. 'போர்ட்டபிள்'னு தனி அணி, மத்த இயங்குதளங்கள்ல இல்லாத ஃபங்ஷன்களைத் தனி ஃபோல்டர்ல எழுதிச் சேர்க்குது. முக்கிய நிரல் அந்த ஃபங்ஷன் எல்லா இடத்துலயும் இருக்குன்னே நினைச்சுக்கும்.

நமக்குத் தேவையான இயங்குதள வேலை எத்தனைன்னு எண்ணிப் பார்த்தேன். கோப்பைத் திற, டைரக்டரியை வாசி, பழைய கோப்புக்குப் பதில் புதுக்கோப்பைப் பத்திரமா வை, நேரம் கேள், சீரியல் போர்ட். அவ்வளவுதான். இதுக்கு மேல இஃப்டெஃப் எங்கயும் இருக்கக் கூடாதுன்னு விதி வச்சுரலாம்.

#19 டீமன்பிரியன்

ஏத்துக்கிறேன். அதுல 'பத்திரமா வை'தான் கஷ்டமானது. படகுல சாவியைத் திருப்பினா கரண்ட் போச்சு, பை அந்த நொடியே சாகும். அதனால தற்காலிகக் கோப்புல எழுதி, டிஸ்க்குக்குத் தள்ளி, அப்புறம் பெயர் மாத்தணும். லினக்ஸ்ல பெயர் மாத்துறது பழையதை ஒரே அடியில மாத்திரும். அதே ரீநேம் ஃபங்ஷன் விண்டோஸ்ல, அந்தப் பெயர்ல ஏற்கெனவே கோப்பு இருந்தா மாட்டேன்னு சொல்லும். அங்க மூவ்ஃபைல்எக்ஸ்ஸை 'மாற்றிவை' ஆப்ஷனோட கூப்பிடணும். மேக்ல டிஸ்க்குக்குத் தள்ளுற எஃப்சிங்க் கூப்பிட்டா டேட்டா டிரைவ் வரைக்கும் போகும், ஆனா டிரைவோட சொந்த கேஷ்ல (தற்காலிக நினைவகத்துல) நின்னுரலாம். முழுசாத் தள்ள எஃப்_ஃபுல்எஃப்சிங்க்னு தனியாக் கேட்கணும். ஒரே பெயர்ல இருக்கிற ஃபங்ஷன் மூணு இடத்துல மூணு விதமா வாக்குக் கொடுக்குது. இதெல்லாம் அந்த அடுக்குக்குள்ளயே அடங்கணும்.

#20 பாம்பன்_கரை

சரி, விண்டோஸ் 7 என்ன ஆச்சு? எடுத்துருவீங்களா?

#21 டீமன்பிரியன்

எடுக்கணும். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லயே நிறுத்திட்டாங்க. பைத்தான் 3.9-ல இருந்து அதுல ஓடாது, கோ மொழி 1.21-ல இருந்து விண்டோஸ் 10 வேணும், ரஸ்ட் 1.78-ல இருந்தும் அப்படித்தான். பெரிய பெரிய திட்டங்களே விட்டுட்டாங்க, நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?

#22 கீழக்கரை_துபாய்

அவங்க விட்டதுக்குக் காரணம், அவங்களுக்குப் புது விண்டோஸ் வசதிகள் வேணும். நமக்கு அப்படி என்ன வேணும்? நான் பார்த்த வரைக்கும் ஒன்னே ஒன்னு. விண்டோஸ் 10-ல 1903 பதிப்புல இருந்து, ஒரு செயலி தன் கோட் பேஜை (எந்த எழுத்துக்கு எந்த பைட்டுங்கிற அட்டவணை) யூடிஎஃப்-8னு அறிவிச்சுக்கலாம். அப்படிச் செஞ்சா கோப்பைத் திறக்கிற சாதா எஃப்ஓபனே தமிழ்ப் பெயரைத் திறக்கும். விண்டோஸ்ல சிஸ்டம் கோட் பேஜா தமிழுக்குன்னு எதுவும் எப்பவும் இருந்ததில்ல, யூனிகோட் மட்டும்தான். அதனால 7-ல எஃப்ஓபனுக்குத் தமிழ்ப் பெயர் கொடுத்தா வேலைக்கே ஆகாது. யூடிஎஃப்-16க்கு (விண்டோஸோட சொந்த யூனிகோட் முறை) மாத்தி, அதை வாங்குற அகல எழுத்து ஃபங்ஷனைத்தான் கூப்பிடணும்.

ஆனா கோட் பேஜை அறிவிக்கிறது செயலியோட உரிமை. நாம லைப்ரரி. பாரிஸ் அண்ணன் செயலி அதை அறிவிக்கலைன்னா 10-லயும் உடையும். அதனால எப்படியும் அகல ஃபங்ஷன்தான் கூப்பிடணும். அதைச் செஞ்சுட்டா விண்டோஸ் 7 கூடவே ஓசியில வந்துரும்.

#23 டீமன்பிரியன்

நிரல் அளவுல ஓசி. சோதனை? இலவசமாக் கிடைக்கிற சிஐ (தானியங்கிச் சோதனை) மெஷின்ல விண்டோஸ் 7 கிடையாது. ஓட்டிப் பார்க்காததை 'ஆதரிக்கிறோம்'னு ரீட்மீயில எழுதுறது பொய்.

ஓட்டுறோம்னு நினைக்கிறதுக்கும் ஓட்டுறதுக்கும் நடுவுல என்ன நடக்கும்னு, எக்ஸ்இசட்ங்கிற சுருக்க லைப்ரரிக்குள்ள கள்ளக்கதவு வச்ச கதையில பார்த்தோம். 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைய அரை நொடி கூடுதலா எடுக்குதேன்னு தோண்டினதுலதான் அந்தக் கள்ளக்கதவு வெளிய வந்துச்சு. அதுல எல்லாரும் பேசுற பகுதி வேற. எனக்கு உறுத்தினது, பில்டு எப்படிப் போடணும்னு சொல்ற சிமேக் கோப்புல இருந்த ஒரே ஒரு முற்றுப்புள்ளி. லேண்ட்லாக்னு ஒரு பாதுகாப்பு வசதி இந்த மெஷின்ல இருக்கான்னு சோதிக்கிற குட்டி நிரல் அது. நடுவுல ஒரு புள்ளி வச்சதால எந்த மெஷின்லயும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகலைன்னா 'இந்த இயங்குதளத்துல வசதி இல்ல'ன்னு எடுத்துக்கிட்டு பில்டு அமைதியாத் தொடரும். எல்லாச் சோதனையும் பச்சை.

நம்ம சிமேக்லயும் இப்படி வசதி இருக்கான்னு பார்த்து, இல்லைன்னா சத்தமில்லாம வேற வழி போற இடங்கள் இருக்கு.

#24 மண்டபம்முனை (பராமரிப்பு)

இது நியாயமான கவலை. இப்படிச் செய்கிறேன்: பில்டு முடிவில் எந்த வசதி இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் அச்சிடணும். உபுண்டுவிலும் மேக்கிலும் கட்டாயம் இருக்க வேண்டியது 'இல்லை' என்று வந்தால் பில்டு நிற்கணும்.

விண்டோஸ் 7 பற்றி என் முடிவு. ரஸ்ட் திட்டம் இயங்குதளங்களை மூன்று படியாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்குறுதி. நமக்கு இரண்டு படி போதும். சிஐயில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடுபவை முதல் படி: லினக்ஸ், விண்டோஸ் 10-உம் அதற்கு மேலும், மேக். ஒரு மனிதர் தன் மெஷினில் வெளியீட்டுக்கு முன் ஓட்டிப் பார்த்துச் சொல்பவை இரண்டாம் படி: பை, ஃப்ரீபிஎஸ்டி. ஆள் இல்லாத இயங்குதளம் பட்டியலில் இருக்காது. நிரலை உடைக்க மாட்டோம், வாக்கும் கொடுக்க மாட்டோம்.

விண்டோஸ் 7-க்கு ஆள் இருக்கிறதா?

#25 பாம்பன்_கரை

நான் இருக்கேன் அக்கா. சங்கத்து கம்ப்யூட்டர் 7தான், மாத்துற யோசனை யாருக்கும் இல்ல. என்ன ஓட்டணும்னு சொல்லுங்க, ஓட்டி அனுப்புறேன்.

#26 டீமன்பிரியன்

ஆள் வந்தாச்சுன்னா எனக்கு எதிர்ப்பில்ல. ஆனா தம்பி, அந்த மெஷினை இன்டர்நெட்ல இருந்து பிரிச்சு வைங்க.

#27 கீழக்கரை_துபாய்

புது அடுக்கோட முதல் வடிவம் தயார். யூடிஎஃப்8பிராக் சேர்த்தாச்சு, லாங் எல்லாம் 64-பிட் முழு எண்ணா மாத்தியாச்சு, ஸ்டர்டுடி ஒரு இடத்துலயும் இல்ல. எஸ்390எக்ஸ்ஸையும் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) கியூஎமு எமுலேட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். நம்ம ஊர்ல யாருகிட்டயும் அந்த மெயின்ஃப்ரேம் இருக்காதுதான். ஆனா பைட்டு வரிசை தலைகீழா இருக்கிற மெஷின்ல ஓட்டினா, ஸ்ட்ரக்டை (நினைவகத்துல இருக்கிற பதிவை) அப்படியே கோப்புல கொட்டுற சோம்பேறித்தனம் எல்லாம் வெளிய வந்துரும். வந்துச்சு. ரெண்டு இடம். இப்ப ஒவ்வொரு பைட்டாத்தான் எழுதுது.

விண்டோஸ் பில்டு பதிவிறக்கப் பக்கத்துல இருக்கு. ஓட்டிப் பாருங்க மாப்ள.

#28 பாம்பன்_கரை

ஓட்டினேன். முதல்ல ஆரம்பிக்கவே இல்ல. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி'ன்னு நீளமா ஒரு டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) காணோம்னு பெட்டி வந்துச்சு. நெட்டுல தேடினா அந்த டிஎல்எல்லை மட்டும் தனியா இறக்கச் சொல்லி நூறு சைட்டு வருது.

#29 கீழக்கரை_துபாய்

அந்த சைட்டுகள் பக்கமே போயிராதீங்க. அது யுனிவர்சல் சிஆர்டி, சி மொழியோட அடிப்படை ஃபங்ஷன்கள். விண்டோஸ் 10-ல கூடவே வரும், 7-ல தனி அப்டேட்டாத்தான் வந்துச்சு, உங்க மெஷின்ல அது போடல. எதையும் இறக்க வேணாம், ரன்டைமை ஸ்டாட்டிக்கா உள்ளேயே சேர்த்துப் புது பில்டு போட்டிருக்கேன். சைஸ் கொஞ்சம் கூடும்.

#30 பாம்பன்_கரை

இப்ப ஓடுது. சோதனை எல்லாம் பாஸ். ஆனா ரெண்டு சந்தேகம். கறுப்பு விண்டோவுல ஊர் பேர் வர்ற இடத்துல கட்டம் கட்டமா வருது. அப்புறம் சிஎஸ்வியை நோட்பேட்ல தொறந்தா எல்லாம் ஒரே வரி. எக்செல்ல தொறந்தா வரி சரியா இருக்கு, தமிழ் மட்டும் கிறுக்கலா இருக்கு.

#31 மண்டபம்முனை (பராமரிப்பு)

கட்டம் பற்றிக் கவலை வேண்டாம். பழைய கன்சோல் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டாது, கோப்பில் இருப்பது சரிதான்.

ஒரே வரியாக வருவது, நாம் வரி முடிவை லினக்ஸ் முறையில் எழுதுவதால். நோட்பேட் அதைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான். எக்செல் கிறுக்குவது, கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட்டு அடையாளம் இல்லாததால். அது இல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது.

பிஓஎம்மை எல்லாருக்கும் போட மாட்டேன். லினக்ஸ் ஸ்கிரிப்டுகளில் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அது படுத்தும் பாடு தனி. பதிவுக் கோப்பு எல்லா இயங்குதளத்திலும் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாகவே இருக்கும். 'எக்செலுக்காக ஏற்றுமதி' என்று தனி ஃபங்ஷன் வைக்கிறேன், அது பிஓஎம்மும் விண்டோஸ் வரி முடிவும் போடும். வாசிக்கும் பக்கம் இரண்டையும் ஏற்கும், ஏனென்றால் யாராவது எக்செலில் திருத்திச் சேமித்து அதையே திரும்பக் கொடுப்பார்கள்.

#32 பாம்பன்_கரை

எங்க எழுத்தர் கண்டிப்பாக் கொடுப்பாரு. அதுவும் தேதியை எக்செல் மாத்தி வச்சதோட.

#33 மண்டபம்முனை (பராமரிப்பு)

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினாலும் எக்செல் தன் விருப்பப்படி மாற்றும். இறக்குமதியில் தேதி அந்த வடிவத்தில் இல்லையென்றால் ஊகிக்காமல் அந்த வரியின் எண்ணைச் சொல்லி மறுக்கணும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று லைப்ரரி முடிவுசெய்யக் கூடாது.

பாரிஸிலிருந்து லோக்கேல் சோதனை முடிவு வந்ததும் கிளையை இணைக்கிறேன். ஓலைக்குடா, இரண்டு தொண்டிக் கோப்பையும் சேர்த்த பிறகு பதிவு எண்ணிக்கை சரிவந்ததா?

#34 ஓலைக்குடா_மாணவி

வந்துச்சு அக்கா. ஒரு நாள் மட்டும் ரெண்டுலயும் இருந்துச்சு, ஸ்கிரிப்ட் அதை ஒன்னாக்கிருச்சு.

#35 பாரிஸ்_பரமக்குடி

பிரெஞ்சு, ஜெர்மன் இரண்டு லோக்கேலிலும் ஓட்டிவிட்டேன். எல்லாப் புள்ளியும் ஊரில் விழும் இடத்திலேயே விழுகிறது. இணைத்துவிடுங்கள்.